வருகைப் பதிவேடும் கோப்புக் குறிப்பும்

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சுட்டாமல் நம் மேடைகளில் எவரும் ஊராட்சி பற்றிப் பேசத் தொடங்குவதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்து அக்கல்வெட்டு, வாரியப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றோர் என விலக்கிவைத்தது உண்மை, பெருமைக்குரியதும் ஆகும். ஆயினும் அது சபையோர்க்குக் காட்ட வேண்டிய கணக்கு. நிலத்தை உழுதவன் வந்து கேட்டால் அவனுக்கும் காட்ட வேண்டும் என்று அக்கல்லில் பொறிக்கப்படவில்லை. ஆளப்படுவோர் ஆள்வோரை நோக்கிக் கணக்குக் கேட்கலாம் என்னும் கருத்து நம் நாட்டில் சட்ட வடிவம் பெற்றது மிக அண்மைக் காலத்தில்தான். வடிவம் பெற்ற நாள் முதலாகவே அதனைக் குறுக்கும் முயற்சிகளும் ஓய்ந்தபாடில்லை. அவற்றுள் சில மக்கள் எதிர்ப்பின் முன் நிற்கமாட்டாமல் கைவிடப்பட்டன. வேறு சில அதிக ஓசையின்றி நிறைவேறிவிட்டன. ஒரே மக்கள், ஒரே சட்டம். பின் ஏன் இந்த வேறுபாடு என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் சட்டத்துக்கு என்ன வேலை என்று நண்பர் ஒருவர் கேட்டார். சொற்களைப் பற்றிக் கவலைப்படுவதுதானே நம் வட்டத்தின் வேலை, இந்த வரலாற்றில் போராட்டம் பெரும்பாலும் சொற்களின் மீதே நடந்திருக்கிறது என்று விடை சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டாரா என்பது தெரியவில்லை. கட்டுரைக்கு இடம் கிடைத்துவிட்டது.

வெள்ளையர் விட்டுச் சென்றவற்றுள் நாம் மிகுந்த கவனத்தோடு பாதுகாத்து வந்தது 1923ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியச் சட்டம். ஒற்றர்களை அஞ்சி இயற்றப்பட்ட அது, நாளடைவில் வட்டாட்சியர் அலுவலகத்து எழுத்தர்க்கும் கவசமாயிற்று. எது இரகசியம் என்று வரையறுக்கப்படாத இடத்தில் எல்லாமே இரகசியம் ஆகிவிடுவது இயல்பு. 1975ஆம் ஆண்டு ராஜ் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கே. கே. மாத்யூ, பொதுப் பணியில் இருப்போர் பொதுநிலையில் செய்யும் ஒவ்வொரு செயலையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்னும் கருத்தைத் தீர்ப்பில் எழுதினார். 1981இல் எஸ். பி. குப்தா வழக்கிலும் அக்கருத்து வலுப்பெற்றது. தீர்ப்புகள் சட்ட நூலகங்களில் அழகாகக் கட்டமைக்கப்பட்டு அடுக்கப்பட்டன. அலுவலகத்துப் பீரோக்கள் பூட்டியபடியே இருந்தன.

பூட்டைத் தட்டியவர்கள் சட்டம் படித்தோர் அல்லர். இராஜஸ்தானத்தின் நடுப்பகுதியில் வறட்சி நிவாரணப் பணிகளில் மண் சுமந்த கூலித் தொழிலாளர்கள் அவர்கள். சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கேட்டபோது, 'நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை என்று பதிவேடு சொல்கிறது' என்ற விடை வந்தது. 'அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள்' என்றால், 'அது அரசு இரகசியம்' என்றனர். கூலிக்காரனின் வயிற்றுக்கும் அரசாங்க இரகசியத்துக்கும் இடையே உள்ள உறவு இவ்வாறுதான் வெளிப்பட்டது. 1990ஆம் ஆண்டு மே முதல் நாள் அமைந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், அதாவது உழைப்பாளர் உழவர் ஆற்றல் சங்கம், இக்கோரிக்கையைத் தன் மையமாக்கிக்கொண்டது. சங்கத்தை அமைத்தோருள் ஒருவரான அருணா ராய் சென்னையில் பிறந்தவர். இந்திய ஆட்சிப் பணியைத் துறந்து இராஜஸ்தானத்துத் தேவ்துங்ரி என்னும் சிற்றூரில் ஒரு குடிசையில் தங்கிப் பணியாற்றியவர். கோப்பு எப்படி எழுதப்படும், எங்கே மறைக்கப்படும் என்பதை உள்ளிருந்து அறிந்த ஒருவரும், அக்கோப்பினால் கூலி இழந்தோரும் ஒன்றுசேர்ந்தது தற்செயல்தான். ஆயினும் வரலாற்றில் இத்தகைய தற்செயல்கள் அடிக்கடி வாய்ப்பதில்லை.

1994 டிசம்பர் 2ஆம் நாள், பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணை கூடியது. அடுத்த ஏப்ரலுக்குள் இத்தகைய விசாரணைகள் ஐந்து நடந்தேறின. மேடையில் சொற்பொழிவு இல்லை. மஸ்டர் ரோல் என்று பணித்தளங்களில் வழங்கும் வருகைப் பதிவேடும் பில்களும் எவ்வாறோ கைக்குக் கிடைத்தவை. அவற்றை ஒருவர் உரக்கப் படிப்பார். இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு கூலி பெற்றார். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, 'அவர் இறந்து ஆண்டுகள் ஆயின' என்பார். இன்னொருவர், 'அந்தப் பெயர் என்னுடையது. நான் அப்பணிக்குப் போனதே இல்லை' என்பார். கட்டி முடிந்ததாகக் கணக்கு எழுதப்பட்ட கட்டடத்தின் குறைச் சுவர் ஊரார் கண்முன்பே நிற்கும். எழுத்தறியாதார் பலர் கூடிய கூட்டத்தில் எழுத்தின் பொய் இவ்வாறு செவி வழியாகவே பிடிபட்டது. அஜ்மீர் மாவட்டத்துக் கிராம அலுவலர்கள் பதிவேடுகளைக் காட்டமாட்டோம் என்று வேலைநிறுத்தமே செய்தனர் என்றால், அவ்வாசிப்பின் வலிமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத், ஊராட்சிப் பணிக் கணக்குகளின் படிகளை மக்கள் பெறலாம் என 1995 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு கழிந்தும் ஆணை வரவில்லை. எனவே 1996 ஏப்ரல் 6ஆம் நாள் பியாவர் நகரின் சாங் கேட்டில் தொடங்கிய மறியல் அமர்வு 40 நாள் நீடித்தது. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து தானியம் வந்தது. நகரத்து வணிகரும் கைகொடுத்தனர். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பது அவர்கள் எழுப்பிய முழக்கம். அடுத்த ஆண்டு ஜெய்ப்பூரில் 50 நாள்களுக்கு மேல் இன்னோர் அமர்வு. அதன் முடிவில் துணை முதலமைச்சர் ஓர் உண்மையை வெளியிட்டார்: மக்கள் கேட்கும் ஆணை ஆறு மாதங்களுக்கு முன்பே அரசிதழில் வெளியாகிவிட்டதாம்! தகவல் பெறலாம் என்னும் ஆணையே தகவல் இன்றிக் கிடந்தது. நகைச்சுவை எழுத்தாளர் எவரும் இப்படிக் கற்பனை செய்திருக்கமாட்டார்.

தமிழ்நாடு இதில் முந்திக்கொண்டது என்று சொல்லிக்கொள்ள நமக்கு வாய்ப்பு உண்டு. 1997ஆம் ஆண்டிலேயே, கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, தகவல் பெறும் உரிமைக்கு இங்கே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பிற மாநிலங்கள் பலவற்றுக்கு இது முந்தியது. ஆனால் இருபதுக்கு மேற்பட்ட விலக்குகளை அச்சட்டம் தன்னுள்ளேயே சுமந்திருந்தது. கதவை வைத்த தச்சரே தாழ்ப்பாள்களையும் தாராளமாகப் பொருத்திவிட்டார். கதவு வெகுவாகத் தட்டப்படாமலே காலம் கழிந்தது. தட்டுவோர் இல்லாத காரணத்தால் எதிர்ப்பும் எழவில்லை. மேலிருந்து அருளப்பட்ட சட்டத்துக்கும் கீழிருந்து கேட்டு வாங்கப்பட்ட சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிய விரும்புவோர் இவ்விரு மாநிலங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நடுவணரசின் 2002ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்று, நடைமுறைக்கு வராமலே மறைந்தது. தகவல் தர மறுக்கும் அலுவலர்க்கு அதில் தண்டனையும் இல்லை. அரசைச் சாராத மேல்முறையீட்டு அமைப்பும் இல்லை. 2004 டிசம்பரில் புதிய மசோதா வந்தபோது அது நடுவணரசு அலுவலகங்களுக்கு மட்டுமே பொருந்துவதாக இருந்தது. ரேஷன் கடையும் வட்டாட்சியர் அலுவலகமும் மருத்துவமனையும் மாநிலங்களிடம் இருக்க, ஏழைக்கு இச்சட்டத்தால் பயன் என்ன என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. நாடாளுமன்றக் குழு விசாரித்தது. நூற்றுக்கு மேற்பட்ட திருத்தங்களோடு மசோதா உருமாறியது. 2005 மே மாதம் இரு அவைகளிலும் நிறைவேறி, அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய்க் கட்டணம். 30 நாளுக்குள் விடை. உயிரும் உரிமையும் பற்றியதாயின் 48 மணி நேரம். காரணமின்றித் தாமதித்தால் அலுவலர் தம் சம்பளத்திலிருந்து நாளுக்கு 250 ரூபாய், மேல் வரம்பு 25,000 ரூபாய். நம் சட்டங்களில் அலுவலர் தம் சொந்தப் பையைத் தொட நேரும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் இதுவும் ஒன்று.

இனி நம் பொருளின் நடுப்பகுதிக்கு வருவோம். சட்டம் நடைமுறைக்கு வந்து ஓராண்டு நிறைவதற்குள் முதல் தாக்குதல் நேர்ந்தது. அதன் இலக்கு கோப்புக் குறிப்பு. அலுவலக வழக்கம் அறியாதார்க்காக ஒரு சொல்: ஒரு விண்ணப்பம் வந்தால், உதவியாளர் தம் கருத்தைக் குறிப்புத் தாளில் எழுதிக் கண்காணிப்பாளர்க்கு அனுப்புவார். அவர் தம் கருத்தைச் சேர்ப்பார். மேலே செல்லச் செல்ல ஒவ்வொருவரும் ஒரு வரியோ ஒரு கையொப்பமோ இடுவர். இறுதியில் வெளியே வரும் ஆணையில் ஒரே கையொப்பம்தான் இருக்கும். ஒரு கைம்பெண்ணின் ஓய்வூதியம் மறுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். 'மறுக்கப்படுகிறது' என்பதை ஆணை சொல்லும். கீழ்நிலை அலுவலர் இருவர் 'தரலாம்' என்று எழுதியதும், மேலே ஒருவர் காரணம் கூறாமல் அதை அடித்ததும் குறிப்புத் தாளில்தான் இருக்கும். குறிப்பை மூடிவிட்டால் முடிவு தெரியும், முடிவு செய்தவர் தெரியார்.

மத்திய தகவல் ஆணையம், கோப்புக் குறிப்பும் தகவலே என்று 2006 ஜனவரியில் முடிவு கூறியது. அலுவலர்கள் அஞ்சாமல் கருத்து எழுத இயலாது போகும் என்று அரசுத் தரப்பில் வாதிடப்பட்டது. இவ்வாதத்தில் உண்மையே இல்லை என்று நான் கூறமாட்டேன். வெளிச்சத்துக்கு அஞ்சி வாய்மொழியாகவே முடிவெடுக்கும் வழக்கம் அலுவலகங்களில் உண்டு. ஆனால் அமைச்சர் வற்புறுத்தியபோது 'கூடாது' என்று எழுதிவைத்த நேர்மையான அலுவலர்க்கு, அவ்வெழுத்து வெளிவருவதே பாதுகாப்பு என்பதையும் எண்ணவேண்டும். 2006 ஜூலை 20 அன்று அமைச்சரவை சட்டத் திருத்தத்துக்கு ஒப்புதல் அளித்தது. சமூக, வளர்ச்சித் திட்டங்கள் பற்றிய குறிப்புகள் தவிர ஏனையவற்றை மறைக்க அது வழிவகுத்தது.

காலத்தைக் கவனிக்கவேண்டும். அதே ஜூலை முதல் இரு வாரங்களில்தான், கையூட்டுத் தராமல் இச்சட்டத்தைப் பயன்படுத்தி வேலையை முடித்துக்கொள்ளுங்கள் என்னும் இயக்கம் பல நகரங்களில் நடந்தது. செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் அதில் பங்குகொண்டன. குடும்ப அட்டைக்கும் வருமானவரி மீட்புக்கும் மின் இணைப்புக்கும் அலைந்தோர் விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொண்டிருந்த வேளை அது. கையில் விண்ணப்பத்தின் நகலோடு விடைக்குக் காத்திருந்தவரிடம், 'உன் விடையில் பாதி இனி வராது' என்று அரசு சொல்லிற்று. டெல்லி ஜந்தர் மந்தரில் அமர்வுப் போராட்டம் தொடங்கியது. மராட்டியத்து ஆளந்தியில் அண்ணா ஹசாரே ஆகஸ்ட் 9 அன்று உண்ணாநோன்பு மேற்கொண்டார். பல ஊர்களில் கையெழுத்துகள் திரட்டப்பட்டன. ஆகஸ்ட் 19க்குள், இக்கூட்டத்தொடரில் மசோதா கொண்டுவரப்படாது என்ற உறுதி வந்து நோன்பு முடிந்தது. ஒரு மாத காலத்தில், அமைச்சரவை முடிவு செய்த ஒன்றை, தேர்தல் அச்சம் ஏதும் இல்லாத வேளையில், குடிமக்கள் திருப்பிவைத்தனர்.

பின்வந்த ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். 2009இல் மீண்டும் திருத்தப் பேச்சு எழுந்து அடங்கிற்று. 2011இல் மத்தியப் புலனாய்வுத் துறை சட்டத்தின் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2008இல், ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் விலக்குப் பட்டியலில் ஏறிவிட்டது. கேட்டவர்கள் உயிரையே விலையாகத் தந்த நிகழ்ச்சிகளும் உண்டு. 2010 ஜனவரியில் புனேக்கு அருகே தளேகாவ்னில் சதீஷ் ஷெட்டியும், அவ்வாண்டு ஜூலையில் குஜராத் உயர் நீதிமன்றத்தின் எதிரே அமித் ஜெத்வாவும் கொலையுண்டனர். முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014இல் நிறைவேறியது. ஆண்டுகள் பல சென்றும் அது நடைமுறைக்கு வரவில்லை. 2013 ஜூன் 3 அன்று, தேசியக் கட்சிகள் ஆறும் இச்சட்டத்துக்கு உட்பட்டவை எனத் தகவல் ஆணையம் தீர்ப்பளித்தபோது, எந்நாளும் ஒத்துப்போகாத கட்சிகள் பலவும் அதிசயமாக ஒரு குரலில் மறுத்தன. ஆகஸ்டில் கொண்டுவரப்பட்ட விலக்கு மசோதா எதிர்ப்பினால் நிலைக்குழுவுக்குச் சென்று, மக்களவையின் ஆயுளோடு முடிந்தது. கட்சிகள் தீர்ப்பையும் பின்பற்றவில்லை, சட்டத்தையும் மாற்றவில்லை, ஆணையம் பார்த்துக்கொண்டிருந்தது.

2014 ஆகஸ்ட் முதல் 2015 ஜூன் வரை அவ்வாணையத்துக்குத் தலைமை ஆணையரே இல்லை என்பதையும் ஈண்டுக் குறிக்கவேண்டும். எழுத்தை மாற்றாமல், நாற்காலியை வெறுமையாக விட்டே ஒரு சட்டத்தைக் குறுக்கலாம். வெறும் நாற்காலியை எதிர்த்து உண்ணாநோன்பு இருப்பது கடினம்.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் வேறு வகையினது. அது எந்தத் தகவலையும் மறைக்கவில்லை. எந்த விலக்கையும் சேர்க்கவில்லை. தகவல் ஆணையர்களின் பதவிக்காலம் ஐந்தாண்டு என்றும், ஊதியம் தேர்தல் ஆணையர்க்கு நிகர் என்றும் மூலச்சட்டத்தில் எழுதியிருந்ததை நீக்கி, நடுவணரசு வகுக்கும் விதிப்படி என்று மாற்றியது. மாநில ஆணையர்களின் காலமும் ஊதியமும் கூட டெல்லியின் கைக்குச் சென்றன. மசோதா பொதுமக்கள் கருத்துக்கு முன்னரே வெளியிடப்படவில்லை. ஜூலை 22இல் மக்களவையும் 25இல் மாநிலங்களவையும் நிறைவேற்றின. தெரிவுக் குழுவுக்கு அனுப்பவேண்டும் என்ற கோரிக்கை 75க்கு 117 என்ற வாக்கில் தோற்றது. அக்டோபர் விதிகளில் பதவிக்காலம் மூன்றாண்டு ஆயிற்று.

எதிர்ப்பு இல்லை என்பதன்று. டெல்லியில் ஊர்வலம் நடந்தது; முன்னாள் தகவல் ஆணையர்கள் சிலர் வெளிப்படையாகவே கண்டித்தனர்; ஸ்ரீதர் ஆச்சார்யலு நாடாளுமன்ற உறுப்பினர்க்கு மடல் எழுதினார். ஆயினும் 2006இன் வெப்பம் எழவில்லை. எழாதது ஏன் என்பதற்கு மக்களின் அலட்சியம் என்று பலர் விடை கூறுவர். எனக்கு அது உடன்பாடில்லை. வருகைப் பதிவேட்டை மறைத்தால் கூலிக்காரனுக்கு உடனே உறைக்கும். குறிப்புத் தாளை மறைத்தால் விண்ணப்பித்தவனுக்கு மறுமாதம் உறைக்கும். ஆணையரின் பதவிக்காலம் ஐந்திலிருந்து மூன்றானால் யாருக்கு உறைக்கும்? இரண்டாம் மேல்முறையீடு வரை சென்று, தமக்கெதிரே அமர்ந்திருக்கும் ஆணையர் ஏன் தயங்குகிறார் என்று வியக்கும் ஒருவருக்கு, பல ஆண்டு கழித்து உறைக்கலாம். அப்போதும் காரணம் இன்னதென்று அவருக்குத் தெரியவராது. சம்பளமும் பதவிக்காலமும் என்ற சொற்கள் எவரையும் தெருவுக்கு அழைக்கும் சொற்கள் அல்ல. எதிர்ப்பாளர் தரப்பிலும் இவற்றைக் கோட் கிரானாவின் மொழியில் பெயர்த்துச் சொல்லுவோர் குறைந்துபோயினர்.

2023ஆம் ஆண்டு மாற்றம் இதனினும் நுட்பமானது. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அது வரவேற்கத்தக்க தீர்ப்பே. அதன் வழிவந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவால், தகவல் சட்டத்தின் 8(1)(ஒ) எனத்தக்க பத்தாம் விலக்கை மாற்றி எழுதியது. பழைய வாசகம் நீண்டது: தனிப்பட்ட தகவல், பொதுச் செயலோடு தொடர்பற்றதாகவோ அந்தரங்கத்தில் நியாயமின்றித் தலையிடுவதாகவோ இருந்தால் மட்டுமே மறுக்கலாம், பொதுநலன் பெரிதாயின் தரலாம், நாடாளுமன்றத்துக்கு மறுக்க இயலாததைக் குடிமகனுக்கும் மறுக்கலாகாது. புதிய வாசகத்தில் இவ்வளவும் இல்லை. தனிப்பட்ட தகவல் பற்றியதாயின் மறுக்கலாம் என்பதோடு நிற்கிறது. நிபந்தனைகளைத் தாங்கிய தொடர் போய்ப் பெயர்ச்சொல் மட்டும் எஞ்சியது. இலக்கணம் பயின்றோர்க்கு இதன் விளைவை விளக்கவேண்டியதில்லை.

யாருடைய அந்தரங்கம் காக்கப்படுகிறது என்று கேட்பதே அநாகரிகமாகத் தோன்றும் அளவுக்கு 'அந்தரங்கம்' மதிப்புள்ள சொல். அதனால்தான் இத்திருத்தத்துக்கு எதிரான குரல் நெடுநாள் வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், நெடுங்காலத் தகவல் ஆர்வலர்கள் ஆகியோரிடையே மட்டும் ஒலித்தது. 2025 மார்ச்சில் எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் 44(3)ஐ நீக்குமாறு கையொப்பமிட்டனர். பொதுநலன் கருதித் தகவல் தர 8(2) பிரிவு இன்னும் இருக்கிறதே என்று திருத்தத்தை ஏற்போர் விடையிறுத்தனர். அவ்வாண்டு நவம்பரில் விதிகள் வெளியாயின. அத்துடன் இந்த உட்பிரிவும் நடைமுறைக்கு வந்தது.

கோட் கிரானாவில் உரக்கப் படிக்கப்பட்டது பெயர்ப் பட்டியல். பெயர்களைப் படித்ததால்தான் இறந்தவர் பெயரில் கூலி எடுத்தது பிடிபட்டது. பெயர் என்பது தனிப்பட்ட தகவல் அன்றி வேறென்ன? இனி ஒரு பொதுத் தகவல் அலுவலர், பணித்தள வருகைப் பதிவேட்டின் நகலைக் கேட்டவர்க்கு, நாள்களையும் தொகைகளையும் விட்டுவைத்துப் பெயர்களை மட்டும் மையால் அடித்துத் தருவதற்குப் புதிய வாசகம் இடம் தருகிறது. பெற்றவர் அதை ஏற்கவேண்டியதில்லை. 8(2)ஐக் காட்டி முதல் மேல்முறையீடு செய்யலாம். அது பயன்படாவிடில் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு அனுப்பலாம். அதனைக் கேட்க இருக்கையில் அமர்ந்திருப்பவர் மூன்றாண்டுக் காலத்துக்கு நியமிக்கப்பட்ட ஆணையர். அந்த இருக்கை நிரப்பப்பட்டிருக்குமாயின்.